வீதி நிறைய இளவரசிகள்

யுன்ஹேவின் பயம் லோயாங் நகரத்துக்கு வந்த பிறகு தொடங்கியதல்ல. தெற்கே தோங்குவானில் ரயில் ஏறும்போதே கூட வந்து உட்கார்ந்துவிட்டது. ஊரில் விட்டுவிட்டுப் போன மகள் தன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடுவாளோ என்பதுதான் அந்தப் பயம். யாயாவுக்கு இப்போது ஐந்து வயது. யுன்ஹே சார்ஜர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோது அவளுக்குப் பேச்சே முழுதாக வந்திருக்கவில்லை. நடுவில் வந்த புத்தாண்டுகளுக்கு லீவு கிடைக்கவில்லை. கணவன் வடமேற்கே எங்கோ பாலைவனத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளையை வளர்த்ததெல்லாம் அவனுடைய அக்கா ஷூஃபென்தான்.

அம்மா என்றால் யாயாவுக்கு வீடியோவில் வருகிற அம்மா. அந்த அம்மா வெள்ளைவெளேர் என்று இருப்பாள். கன்னம் மழமழவென்று, கண் பெரிதாக, எப்போதும் இப்போதுதான் தூங்கி எழுந்து குளித்தவள் மாதிரி. அதெல்லாம் போன் செய்கிற வேலை. பட்டனைத் தொட்டால் போதும், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முகத்திலிருந்து காணாமல் போய்விடும். யுன்ஹேவுக்கு அது ஏமாற்று வேலையாகத் தோன்றியதே இல்லை. பிள்ளை பார்க்கும்போது அம்மா நன்றாக இருக்க வேண்டாமா? தொழிற்சாலையில் எல்லாப் பெண்களும்தான் அப்படிப் பேசுகிறார்கள்.

ஆனால் நேரில் பட்டன் கிடையாதே. அதனால் லோயாங் ஓட்டலில் தங்கிய முதல் நாள், யாயா கண் விழிக்கும் முன்பே எழுந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோ முகத்தைக் கையால் பூசி எடுத்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் மறைய நேரமாயிற்று. பிள்ளை எழுந்ததும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு "அம்மா, பசிக்குது" என்றது. யுன்ஹேவுக்கு உயிர் வந்தது.

ஊருக்குப் போகாமல் லோயாங்கைச் சுற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்ததும் அவள்தான். ஊரில் இருந்தால் பிள்ளை அத்தையை விட்டு நகராது. ஷூஃபென் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை ஓட்டலில் கொண்டுவந்து விட்டுவிட்டு அன்று இரவே ஊருக்குத் திரும்பிவிட்டாள். இங்கே இருவர் மட்டும்தான். மாட்டிறைச்சி சூப், பழைய கோட்டை வாசல், மேளம் அடிக்கும் இயந்திர மனிதர்கள், இரவில் ஆகாயத்தில் ட்ரோன் விளக்குக் காட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக பழைய தாங் அரசர்கள் காலத்து இளவரசி உடுப்பு. இப்போது லோயாங்குக்கு வருகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு படம் எடுக்காமல் திரும்பினால், வந்ததே கணக்கில் சேராது.

வாடகை உடுப்புக் கடைக்காரி கெட்டிக்காரி. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருவர் முகத்திலும் வெள்ளை பூசினாள்.

"தங்கச்சி, அசையாதே. புருவம் கோணிடுச்சுன்னா ராணி கொள்ளைக்காரி ஆயிடுவா. அடியே குட்டி இளவரசி, உதட்டை நக்காதடி! அது சாப்பிடுற சாயம் இல்ல."

யாயா சிரித்தாள். அவளுக்கு ஆரஞ்சுப் பாவாடை, தலையில் இரண்டு கொண்டை, நெற்றியில் சிவப்புப் பூ. யுன்ஹேவுக்குப் பச்சை உடுப்பு, தலையில் முறம் அகலத்துக்குப் பொய்முடி, அதன்மேல் பொன்னிறப் பூக்கள். யாயா போட்டிருந்த குளிர் கோட்டைக் கடைக்காரி கழற்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். அந்தக் கோட்டின் கழுத்துப் பட்டைக்குள் ஷூஃபென் அண்ணி பிள்ளையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நூலால் தைத்திருந்தாள். யுன்ஹேவுக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை. கண்ணாடியில் தெரிந்த இரண்டு பேரையும் பார்த்து மயங்கிப்போய் நின்றாள்.

வீதியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, லோயாங்கில் அன்று இளவரசி அல்லாதவர்கள் யாருமே இல்லை. புத்தாண்டின் நான்காம் நாள். பாதி நாடும் அங்கேதான் இருந்தது. பச்சை ராணிகள், நீல ராணிகள், நூடுல்ஸ் கிண்ணத்தோடு நிற்கும் தளபதிகள், ஸ்கூட்டரில் போகும் புலவர்கள். இடுப்பு உயரத்தில் ஆரஞ்சுப் பாவாடையும் இரண்டு கொண்டையுமாக எத்தனையோ குழந்தைகள்.

கூட வந்த படம் எடுக்கும் பையன் ஒரு கூரை விளிம்புக்குக் கீழே அவளை நிறுத்தினான். "அக்கா, விசிறிய ரெண்டு கையாலயும் பிடிங்க. முகத்தை லேசா மறைங்க. ஆங், அப்படியே சோகமா பாருங்க. புருஷன் போருக்குப் போயிட்டாரு பாருங்க."

"எம் புருஷன் ரோடு போடப் போயிருக்காரு" என்று சிரித்துக்கொண்டே யுன்ஹே யாயாவின் கையை விட்டுவிட்டு விசிறியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. பட்டு உடுத்த இயந்திர மனிதர்கள் வரிசையாக மேளம் அடித்தபடி முனையில் திரும்பி வந்தார்கள். வீதி முழுவதும் ஒரே மூச்சில் அந்தப் பக்கம் நெட்டித் தள்ளியது. யார் முழங்கையோ அவள் பொய்முடியில் இடித்தது. முடி கண்ணை மறைத்தது. அதை நிமிர்த்திவிட்டுக் கீழே பார்த்தாள். யாயா இல்லை.

முதலில் அவள் கத்தவில்லை. இங்கேதான் இருப்பாள், பாவாடைக்குப் பின்னால்தான் நிற்பாள் என்று தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் தொண்டை திறந்தது. "யாயா!" மேளம் அதை விழுங்கிவிட்டது. படம் எடுக்கும் பையனையும் கூட்டம் எங்கோ தள்ளிக்கொண்டு போயிருந்தது.

நாலு ஆள் தள்ளி ஒரு ஆரஞ்சுப் பாவாடை தெரிந்தது. இடித்துக்கொண்டு ஓடி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிய முகம் வேறு முகம். வெள்ளைப் பூச்சு, சிவப்புப் பூ, உதட்டில் ஒரு பொட்டுச் சாயம், எல்லாம் அதேதான். கண்கள் மட்டும் யாருடையவோ. அந்தக் குழந்தையின் அப்பன் அவள் தோளில் கைவைத்துத் தள்ளினான். "ஏய், என்ன பண்ற நீ?"

"மன்னிச்சுக்கோங்க, எம் பொண்ணுன்னு நெனச்சேன்."

"நெனச்சியா? பெத்த பொண்ணைக்கூடவா அடையாளம் தெரியாது?"

இரண்டாவது ஆரஞ்சுப் பாவாடையும் அவளுடையது அல்ல. மூன்றாவதைப் பிடிக்கக் கை நீட்டினாள். தன் பிள்ளையின் முகம் எது என்று தனக்கே நிச்சயமாகத் தெரியவில்லையோ என்ற எண்ணம் வந்து அவளை அப்படியே நிற்க வைத்துவிட்டது. கடையில் அவள் பார்த்துப் பார்த்து ரசித்தது பூசிய முகத்தைத்தான். அதற்கு முந்தைய நாள்? ஓட்டலில் தூங்கிக்கொண்டிருந்தபோது பார்த்த முகம்? அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. உடம்பெல்லாம் வியர்த்தது. வெளியில் பனி உறைகிற குளிர்.

வீதி முனையில் தகரச் சுவர் வைத்த ஒரு சின்ன உதவி அறை இருந்தது. உள்ளே நியூ என்ற வயதான காவலரும், சிவப்பு மேல்சட்டை போட்ட தொண்டர் பெண் ஹாய்யிங்கும் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யுன்ஹே வாசலில் நின்று சொன்னது பாதி அவர்களுக்குப் புரியவில்லை.

"மூச்சு விடும்மா, மொதல்ல மூச்சு விடு" என்றார் நியூ. "என்ன உடுப்பு?"

"ஆரஞ்சுப் பாவாடை. ரெண்டு கொண்டை. நெத்தியில பூ."

நியூ ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே அதே ஆரஞ்சு, அதே கொண்டை, அதே பூ, வரிசையில் நின்று மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தன.

"போட்டோ இருக்கா? பூச்சு இல்லாத போட்டோ."

யுன்ஹே போனைத் திறந்தாள். கோட்டை வாசலில் எடுத்தது, ஓட்டலில் எடுத்தது, சூப்புக் கடையில் எடுத்தது. ஒவ்வொன்றிலும் யாயாவின் கண்கள் தட்டு மாதிரி இருந்தன, மூக்கு பாதிதான் இருந்தது, தோல் பீங்கான். அழகாக்கும் பட்டனை அவள் அணைத்ததே இல்லை. ஹாய்யிங் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது புள்ளையா, பொம்மையா?" என்றாள். கேட்டபிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "மச்சம், தழும்பு, ஏதாவது?"

யுன்ஹே மறுபடி படங்களைத் தள்ளிப் பார்த்தாள். "எங்க அண்ணிக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக.

அண்ணிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புத்தாண்டு மதியம், ஷூஃபென் அண்ணி மாஜோங் ஆடும் மேசையில் இருப்பாள். காய் கலக்கும் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. அதைக் கேட்டு யாரும் நின்றுகூடப் பார்க்கவில்லை. நியூ கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலையைச் சொறிந்தார். அவர் முகத்தில் ஓடிய எண்ணத்தை யுன்ஹே படித்துவிட்டாள். புத்தாண்டுக் கூட்டத்தில் பிள்ளை பிடிக்கிறவர்களும் வருவார்கள். பாவாடையைக் கழற்றி, தலையை மொட்டை அடித்து, பையன் சட்டை போட்டுவிட்டால் எந்தக் கேமரா கண்டுபிடிக்கும்? அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பட்டது. வெளியே ஓடினாள்.

சர்க்கரைப் பாகில் டிராகன் வரைகிறவனின் கடைக்குப் பக்கத்தில்தான் பார்த்தாள். ஒரு தடித்த நடுவயதுப் பெண், ஊதாக் கோட்டுக்காரி, அழுகிற ஒரு ஆரஞ்சுப் பாவாடையைக் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு போனாள். குழந்தை அழுதுகொண்டே மூக்கை இடது புறங்கையால் மேல்நோக்கித் துடைத்தது. நேற்று சூப் குடிக்கும்போது யாயா அப்படித்தான் துடைத்தாள். யுன்ஹேவுக்குக் கண் இருண்டது. பாய்ந்து போய்ப் பிள்ளையை இரண்டு கையாலும் பிடுங்கினாள்.

"விடுடி எம் பொண்ண!"

யாயா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீரில் மை வழிந்த வெள்ளை முகம், கோணிய பொய்முடி, பல் தெரியக் கத்துகிற வாய். பிள்ளை வீறிட்டது.

"எனக்கு இந்த ஆன்ட்டியத் தெரியாது! எனக்கு இந்த ஆன்ட்டியத் தெரியாது!"

பாலர் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. தெரியாதவர் பிடித்தால் கத்து, கடி, உட்கார்ந்துகொள் என்று டீச்சரே வேஷம் போட்டு வந்து பயிற்சி கொடுத்திருக்கிறாள். நன்றாகக் கத்தியதற்காக யாயாவுக்குச் சிவப்புக் காகிதப் பூ குத்திவிட்டார்கள் என்று அண்ணி போனில் பெருமையாகச் சொன்னதைக் கேட்டு யுன்ஹேவும் கை தட்டியிருந்தாள். இப்போது யாயா பாடத்தில் ஒன்றையும் விடவில்லை. கத்தினாள், கடித்தாள், தரையில் உட்கார்ந்தாள்.

ஊதாக் கோட்டுக்காரி பிள்ளையின் முன்னால் மறித்து நின்றாள். "யாருடி நீ? நான் இந்தப் புள்ளைய உதவி ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். பட்டப்பகல்ல புடுங்கவா பாக்குற?"

"நான்தான் அவ அம்மா!"

"எல்லாரும் அதான் சொல்லுவாங்க!"

"புள்ள புடிக்கிறவ!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அந்த ஒரு சொல் போதும், சீனாவில் எந்த வீதியும் அந்த நிமிஷமே நின்றுவிடும். போன்கள் உயர்ந்தன. ஒரு தளபதி அவள் கையை முறுக்கிப் பின்னால் பிடித்தான். ஒரு ராணி பொய்முடியைப் பிடித்து இழுத்தாள். பூக்கள் சிதறின. அடி எங்கிருந்து விழுந்தது என்று தெரியவில்லை, காது கொதித்தது. அவளுக்கு அடியைப் பற்றிய பயம் இல்லை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறம் மறுபடி மறைந்துவிடக் கூடாதே என்பதுதான் பயம். "புள்ளையப் பாத்துக்கோங்க, புள்ளைய விட்டுறாதீங்க" என்று அவள் தன்னை அடிக்கிறவர்களிடமே கெஞ்சினாள்.

விசில் ஊதிக்கொண்டு நியூ வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

அறைக்குள் கதவைச் சாத்திய பிறகு பெரியவர்களின் விஷயம் சீக்கிரம் தீர்ந்தது. அடையாள அட்டை, கடையில் இருவரும் சேர்ந்து எடுத்த படம், பச்சை உடுப்பு, ஆரஞ்சு உடுப்பு. ஊதாக் கோட்டுக்காரி படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ தங்கச்சி, என் கண்ணு அவிஞ்சு போச்சு. மன்னிச்சிடும்மா." யுன்ஹே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண் மட்டும் பிள்ளையின் கையைப் பிடிக்காமல் போயிருந்தால்?

தீராதது யாயாதான். ஹாய்யிங்கின் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டு, வெளியே இழுத்தால் வீறிட்டாள்.

"யாயா, அம்மாடா. இங்க பாரு கண்ணு."

"எங்கம்மாவக் கூப்பிடுங்க! போலீஸ் மாமா, எங்கம்மாவக் கூப்பிடுங்க!"

நியூ யுன்ஹேவைத் தள்ளி அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "பேப்பர்ல நீதான் அம்மா. எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா இப்படியே கத்துற புள்ளையத் தூக்கிட்டு வெளிய போனேன்னா, வாசல்ல நிக்கிற கூட்டம் உன்னை உயிரோட விடாது. புள்ள தானா வரட்டும். இல்லேன்னா ஊர்லேர்ந்து அந்த அத்தை வந்துதான் கூட்டிட்டுப் போகணும்."

அத்தை வந்து கூட்டிக்கொண்டு போவது. ரயில் ஏறிய நாள் முதல் யுன்ஹே பயந்த பயத்தை அந்தக் கிழவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"அந்தப் பூச்சுதான் காரணம்" என்றாள் ஹாய்யிங். "தொடச்சுட்டா தெரிஞ்சுடும்." வெந்நீர் நனைத்த துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

யுன்ஹே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றியது. என்ன காரணம் சொல்வது? துடைத்தாள். வெள்ளை போயிற்று, புருவம் போயிற்று, காலையில் தானே பூசியதும் சேர்ந்து போயிற்று. கருவளையமும், தொழிற்சாலையில் ஈயப் புகை பட்டுப் பட்டுக் கன்னத்தில் வந்த திட்டுகளும், வெடித்த உதடும் வெளியே வந்தன. ஊதாக் கோட்டுக்காரி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

யாயா நாற்காலிக் காலுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். இந்த முறை கத்தவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. நிதானமாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இது அம்மா இல்ல. எங்கம்மா வெள்ளையா இருப்பாங்க."

ஹாய்யிங் அழுக்கான துண்டை யுன்ஹேவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

யுன்ஹே நியூவிடம் போய், "உங்க போனைக் குடுங்க" என்றாள். தன் எண்ணை அதில் நண்பராகச் சேர்த்துத் திரும்பக் கொடுத்து, மணி அடித்தால் பிள்ளையிடம் காட்டச் சொல்லிவிட்டு வெளியே போனாள். தகரச் சுவருக்குப் பின்பக்கம் தடுப்புக் கம்பிகளை அடுக்கி வைத்திருந்த சந்து. குளிர் ஈர முகத்தில் கத்தியாக இறங்கியது. கைப்பையில் பூச்சுப் பெட்டி இருந்தது. எடுத்துத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் போதும். வீடியோ முகத்தைத் திரும்பப் பூசிக்கொண்டு உள்ளே போனால் பிள்ளை "அம்மா" என்று ஓடிவரும். நாளைக்கும் பூசலாம். ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் பூசலாம். பிறகு வருஷம் முழுக்க போன் பார்த்துக்கொள்ளும்.

தூரிகையில் பொடியை எடுத்தாள். மூன்று ஆரஞ்சுப் பாவாடைகளுக்கு நடுவே தன் பிள்ளையின் முகம் தெரியாமல் நின்ற நிமிஷம் நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்தோடு இனி ஒரு நாள்கூட இருக்க முடியாது. பெட்டியை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு நியூவின் எண்ணுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள்.

திரையில் யாயா வந்தாள். மூக்கு ஒழுகியது.

"அம்மா!" குரல் போனிலும் கேட்டது, தகரத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டது. "எங்க போன? சீக்கிரம் வா. இங்க ஒரு ஆன்ட்டி என்னைப் புடிக்க வர்றாங்க."

யுன்ஹேவின் திரை மூலையில் ஒரு வெள்ளை முகம் புன்னகைத்துக்கொண்டிருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அது அழவில்லை.

"அம்மா இங்கதாண்டா இருக்கேன். உன்னை யாரும் புடிக்க மாட்டாங்க. யாயா, அம்மா மூஞ்சியவே பாரு. கண்ணை எடுக்காம பாப்பியா?"

"ம்."

அழகாக்கும் பட்டனைத் தேடினாள். வெண்மையை இறக்கினாள். கண்ணைச் சின்னதாக்கினாள். தோலை விட்டுவிட மனம் வரவில்லை. கடைசியில் அதையும் இறக்கினாள். யாயாவின் முகம் திரைக்கு மிகக் கிட்டத்தில் வந்தது, நெற்றிப் பூ மட்டும்தான் தெரிந்தது. யுன்ஹே மூச்சை அடக்கிக்கொண்டாள். இப்போது கத்தப் போகிறாள், இதோ கத்தப் போகிறாள்.

"அம்மா" என்றாள் யாயா மெல்ல. "உனக்கு உடம்பு சரியில்லையா?"

யுன்ஹே தகரச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

போனில் படம் ஆடியது. கூரை தெரிந்தது, நியூவின் தாடை தெரிந்தது. பிறகு குரல் மட்டும் கேட்டது.

"போலீஸ் மாமா, எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல. வெளிய குளிருது. உள்ள வரச் சொல்லுங்க."